வருமானச் சான்றிதழ் காணாத வறுமை



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம் தொடங்கிக் கல்லூரிகள் திறக்கும் வரை, மதரஸாவில் நம்மைத் தேடி வருவோரின் கேள்விகள் மாறிவிடுகின்றன. தொழுகையின் சட்டங்களையும் பாகப்பிரிவினையின் சட்டங்களையும் கேட்க வருவோர் குறைந்து, கையில் கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்துடன் வருவோர் பெருகுகின்றனர். கல்விக்கடன் வாங்கலாமா என்பது அவர்களின் முதற்கேள்வி. வாப்பாவின் வருமானத்தைப் பார்த்துத்தான் கடனும் சலுகையும் தருவார்களாம், அது நியாயந்தானா என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்வியைப் பற்றி நம் அறிஞர்கள் நிறையவே பேசியும் எழுதியும் உள்ளனர். வட்டி ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தவிர்க்க முடியாத நிர்ப்பந்தம் எது, எவருக்கு, எந்த அளவுக்கு என்பதை ஒவ்வொருவரும் தம் நிலையை நேரில் எடுத்துரைத்து ஆலிம்களிடம் தெளிவு பெற வேண்டும். பொதுவில் எழுதித் தீர்க்கும் காரியம் அன்று அது. இரண்டாவது கேள்வியைப் பற்றியோ நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை. அதை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். நம் நாட்டு வங்கிகள் வழங்கும் கல்விக்கடனுக்கு அடிப்படையாக அமைந்தது, இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டம். 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அடமானம் வேண்டியதில்லை என்பது அதன் விதி. 2015இல் ஒன்றிய அரசு ஏற்படுத்திய கடன் உத்தரவாத நிதியின் வழியாக 7.5 லட்சம் வரை அடமானமின்றிக் கடன் பெற இடம் உண்டாயிற்று. கடன் திரும்பி வராவிடில் அதில் முக்கால் பங்குக்கு அந்த நிதி பொறுப்பேற்கும். இவ்வளவு இருந்தும், தாய் தந்தையரில் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடுபவரின் வருமானம் என்னவென்று மேலாளர் பார்க்காமல் இருப்பதில்லை.

வருமானம் இரண்டாம் முறையாகப் பார்க்கப்படுவது வட்டி மானியத்தின்போது. 2009இல் கொண்டுவரப்பட்ட ஒன்றிய அரசின் திட்டப்படி, பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பின் படிக்கும் காலத்து வட்டியை அரசே வங்கிக்குச் செலுத்தும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கு அடமானமும் பிணையாளும் இல்லாத கடனுக்கு வழி செய்தது. அதில் குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. முழு மானியத்துக்குரிய வரம்போ 2009இல் வகுத்த அதே 4.5 லட்சமாகவே நிற்கிறது. அன்றைக்கு ஒரு மூட்டை அரிசி என்ன விலை விற்றது, இன்றைக்கு என்ன விலை விற்கிறது என்பதை இல்லத்தரசிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு சிறு கணக்கையும் பார்த்துவிடுவோம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 1,25,000 வீதம் 5 லட்சம் ரூபாய் கடன், தனிவட்டி 10 விழுக்காடு, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்குகிறது என்று கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டுமே 1,75,000 ரூபாய் சேர்ந்திருக்கும். பெற்றோரின் சான்றிதழில் 4,49,000 என்று எழுதியிருந்தால் இத்தொகை முழுவதையும் அரசு ஏற்கும். 4,51,000 என்று எழுதியிருந்தால் அந்த முழு மானியம் கைநழுவிப் போகும். ஆண்டுக்கு 2,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்த ஒரு தந்தை, தம் பிள்ளையின் தலையில் ஒன்றேமுக்கால் லட்சத்தை ஏற்றியவராகிறார். வரம்பு என்று ஒன்று இருந்தால் அதன் ஓரத்தில் நிற்பவர் இருக்கத்தான் செய்வார் என்று கூறலாம். ஆயினும் இவ்வளவு செங்குத்தான ஓரத்தில் ஏழைகளையும் நடுத்தரத்தினரையும் நிறுத்துவது எவ்வகை நீதி என்று கேட்காமலிருக்க இயலவில்லை.

இதைவிட வியப்பூட்டும் முரண் ஒன்று உண்டு. மானியத்துக்கு வருமானம் குறைவாக இருக்க வேண்டும். கடன் தருபவரின் நம்பிக்கைக்கு அது நிறைவாக இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நம் குடும்பமே நின்றதுண்டு. நம் மூத்த மகளுக்கு செவிலியர் பட்டப்படிப்பில் இடம் கிடைத்தபோது, ஜமாஅத் நடத்தும் அறக்கட்டளை ஒன்றின் வழியாக நம் வருமான நிலையை உறுதிசெய்யும் கடிதம் கேட்டனர். அதன்பொருட்டு விவரம் அறிய ஒரு வங்கிக் கிளைக்கும் செல்ல நேர்ந்தது. அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். நம்மை அமரச் செய்தே பேசினார். "ஊதியச் சீட்டு இருக்கிறதா பாய்?" என்று வினவினார். மதரஸா ஆசிரியருக்கு ஊதியச் சீட்டு ஏது? மாதத் தொடக்கத்தில் ஜமாஅத் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு தருவதுதான் நம் ஊதியம். அதைச் சொன்னோம். மானியம் என்று பார்த்தால் நம்மைவிடத் தகுதியானவர் எவரும் இல்லை என்றும், கடன் என்று பார்த்தால் மேலிடத்தில் என்ன சொல்வார்களோ தெரியவில்லை என்றும் அவர் மெல்ல உரைத்தார். வெளியே வந்ததும் மகள், "அவர்கள் என் மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லையே வாப்பா" என்றாள். அவள் குறை சொல்லவில்லை; கண்டதைச் சொன்னாள். படிக்கப்போவது அவள், கடனைத் திருப்பித் தரப்போவதும் அவள், எடைபோடப்பட்டதோ நாம்.

நம்மிடம் வந்தவர்களின் நிலைகளையும் எண்ணிப் பார்க்கிறோம். சவூதியில் பணிபுரியும் ஒருவரின் மகன் வந்தான். தந்தையின் ரியால் வருமானத்தை ரூபாயில் பெருக்கினால் எந்த வரம்பையும் அது தாண்டிவிடும். விசாவுக்கு வாங்கிய கடன், இரு பெண்மக்களின் திருமணத்துக்குப் பட்ட கடன், படுக்கையில் கிடக்கும் பாட்டியாரின் மருத்துவம் ஆகியவை போக, உம்மாவின் கைக்கு வருவது மளிகைக் கடைக்கே போதாது. இன்னொரு மாணவி வந்தாள். அவளுடைய தந்தை வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டு ஆண்டுகள் பல கடந்துவிட்டன. தலாக்கும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை. விண்ணப்பத்தில் தந்தையின் வருமானம் என்ற கட்டம் மட்டும் இருக்கிறது. மூன்றாமவளின் தந்தை வசதி படைத்தவர். பெண்பிள்ளைக்கு இதற்கு மேல் படிப்பு வேண்டாம் என்பது அவருடைய முடிவு. அவருடைய பணம் அவளுக்கு எட்டாத பணம். தாளில் அவள் செல்வந்தரின் மகள். உண்மையில் கையில் காசில்லாத மாணவி. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைக் கடந்து வரும் சான்றிதழ், ஒரு வீட்டுக்குள் வரும் பணத்தைத்தான் சொல்லும். அந்தப் பணம் பிள்ளையின் படிப்பு வரை போய்ச் சேருகிறதா என்பதை அது சொல்லாது.

மானத்தோடு கையேந்தாமல் வாழும் ஏழைகளைப் பற்றி அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 273ஆம் வசனம் பேசுகிறது. அவர்களின் பேணுதலைக் கண்டு, விவரம் அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்று எண்ணிவிடுவார் என்பது அதன் கருத்து. வெளித்தோற்றத்தை வைத்து வறுமையை அளப்பவன் ஏமாந்துபோவான் என்ற எச்சரிக்கையை அதில் காண்கிறோம். அந்நாளில் தோற்றம் என்பது உடையாக இருந்தது. இந்நாளில் அது சான்றிதழாகவும் இருக்கிறது.

நம் ஃபிக்ஹ் நூல்கள் இந்த வினாவை நூற்றாண்டுகளுக்கு முன்பே தொட்டிருக்கின்றன என்பதை மதரஸாவில் ஸகாத்தின் பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டுவோம். செல்வந்தர் ஒருவரின் பிள்ளைக்கு ஸகாத் கொடுக்கலாமா என்பது அங்கே எழும் வினா. சிறு பிள்ளையாயின் கூடாது என்கின்றனர் ஹனஃபி அறிஞர்கள். தந்தையின் வசதியால் அப்பிள்ளையும் வசதியுள்ளதாகவே கருதப்படும். பருவமடைந்த பிள்ளை தன்னளவில் ஏழையாயின், தந்தை செல்வந்தராக இருப்பினும் கொடுக்கலாம் என்பது அவர்களின் சட்டம். தந்தையின் செல்வத்தைக் கொண்டு அவன் செல்வந்தனாகிவிடுவதில்லை. 'ஹிதாயா' போன்ற நூல்களை ஓதிய ஒவ்வொருவரும் இந்த இடத்தைக் கடந்தே வந்திருப்பர்.

ஷாஃபிஈ மத்ஹபின் அணுகுமுறை சற்று வேறு. உறவினர் ஒருவரின் பராமரிப்பால் தேவை நிறைவேறும் ஒருவர் ஃபகீர் ஆகமாட்டார் என்பதே அம்மத்ஹபின் வலுவான கருத்து. அங்கேயும் அளவுகோல் உறவினரின் செல்வம் அன்று. தேவை உள்ளபடியே நிறைவேறுகிறதா என்பதுதான். பராமரிக்க வேண்டியவர் கொடுக்க மறுத்தாலோ, கொடுக்க இயலாத தொலைவில் இருந்தாலோ சட்டம் மாறிவிடுகிறது. உழைத்துப் பொருளீட்டும் வலிமை இருந்தும், மார்க்கக் கல்வியில் முழுமையாக ஈடுபட்டிருப்பதால் சம்பாதிக்க இயலாத மாணவருக்கு ஸகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவீ அவர்கள் விளக்கியிருப்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. இரு மத்ஹபுகளும் வேறு வேறு வழியில் வந்தாலும், தந்தையிடம் என்ன இருக்கிறது என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் கைக்கு என்ன வருகிறது என்று கேட்கின்றன.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஸகாத் கடமையாவது வருமானத்தின் மீதன்று. தேவைகள் போக எஞ்சி, நிஸாப் அளவை எட்டி, ஓராண்டு நின்ற செல்வத்தின் மீது. ஆண்டுக்கு 8 லட்சம் ஈட்டியும் எதுவும் எஞ்சாதவர் உண்டு. ஆண்டுக்கு 2 லட்சமே வருமானம் காட்டி, மூன்று கடைகளையும் தென்னந்தோப்பையும் வைத்திருப்பவரும் உண்டு. மாதச் சம்பளக்காரரின் வருமானம் கடைசி ரூபாய் வரை ஏட்டில் இருக்கிறது. வியாபாரியின் வருமானம் அவர் சொல்வதுதான். ஆகவே வருமானம் என்ற அளவுகோல், ஒரு வீட்டின் வசதியை அளப்பதற்கே முழுமையானதன்று.

பெற்றோரின் வருமானத்தையே பார்க்கக் கூடாது என்கிறீர்களா என்று கேட்பீர்கள். அவ்வாறு நாம் கூறவில்லை. எதிர்த்தரப்பின் வாதத்தில் வலிமை இருக்கிறது. அரசின் கஜானாவாயினும் ஜமாஅத்தின் பைத்துல்மாலாயினும் அதிலுள்ளது அளவான பணம். கார் வைத்திருப்பவரின் மகனுக்கும் கூலித் தொழிலாளியின் மகனுக்கும் ஒரே அளவாகப் பங்கிட்டால், இழப்பவன் பின்னவனே. அதனால்தான் இலவசமாகக் கொடுப்பதையும் கடனாகக் கொடுப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். திரும்பி வராத பணத்தைக் கொடுக்கும்போது தேவையைத் துருவி ஆராய்வது கொடுப்பவரின் பொறுப்பு. ஸகாத்துக்கு உரியோரை இறைவன் வகைப்படுத்தியே கூறியிருக்கிறான். திரும்பி வரும் கடனைக் கொடுக்கும்போதோ, முதன்மையாகப் பார்க்க வேண்டியது அதை வாங்குபவரின் நேர்மையையும் அவர் கற்கப்போகும் கல்வியையும். தந்தை செல்வந்தர் என்பதால் ஒரு மாணவிக்குக் கடன் மறுப்பதும், தந்தை ஏழை என்பதால் ஒரு மாணவனுக்குக் கடன் மறுப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

பிற நாடுகளின் அனுபவமும் இதற்குத் துணைநிற்கிறது. இங்கிலாந்தில் கல்லூரிக் கட்டணத்துக்கான கடனுக்குப் பெற்றோரின் வருமானம் பார்க்கப்படுவதில்லை. வாழ்க்கைச் செலவுக்கான கடனுக்கு மட்டும் குடும்ப வருமானம் பார்க்கப்படுகிறது. முழுத்தொகை பெறுவதற்கான 25,000 பவுண்டு வரம்பு 2008 முதல் உயர்த்தப்படாமல் இருந்துவருவதால், விலைவாசி ஏற ஏற முழுக்கடன் பெறும் குடும்பங்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன. அந்நாட்டு முஸ்லிம் மாணவர்கள் வட்டியில்லாத மாற்றுத் திட்டம் வேண்டினர். 2017இல் சட்டம் அதற்கு இடம் தந்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஆஸ்திரேலியா 1989இல் வேறு வழியை மேற்கொண்டது. படிக்கும்போது பெற்றோரின் வருமானத்தைக் கேட்பதில்லை; படித்து முடித்தவரின் சொந்த வருமானம் குறிப்பிட்ட அளவை எட்டிய பின்னரே தவணை பிடிக்கப்படும். கடன் தொகையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தும் முறை அதில் உண்டு. அதை ஃபிக்ஹ் அறிஞர்களில் பலர் ஏற்பதில்லை. எனினும் பெற்றோரின் நேற்றைய வருமானத்தை விட்டுப் பிள்ளையின் நாளைய வருமானத்தைப் பார்க்கும் அதன் அடிப்படை நம் சிந்தனைக்கு உரியது. கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுங்கள் என்று இரண்டாம் அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கட்டளையிடுவதை அறிந்த நமக்கு, அந்த அடிப்படை அந்நியமாகத் தோன்றவில்லை.

நம் மாநிலத்திலேயே வருமானத்தைத் தவிர வேறு அளவுகோல்களும் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்லூரிகளில் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் தரப்படுகிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. இவற்றில் தந்தையின் சம்பளத்தைக் கேட்பதைவிட, பிள்ளை எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று கேட்கிறார்கள். குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதிப்பவரையோ அரசுப் பள்ளியில் ஆறேழு ஆண்டு படித்தவரையோ பொய்யாக உருவாக்குவது கடினம். சான்றிதழில் ஓர் எண்ணைக் குறைத்து எழுதுவது எளிது.

நம் முன்னோர்கள் எப்படிக் கொடுத்தார்கள்? இமாம் அபூ யூஸுஃப் அவர்கள் இளமையில் வறுமையால் பாடத்துக்கு வர இயலாமல் நின்றபோது, ஆசிரியர் அபூ ஹனீஃபா அவர்கள் நூறு திர்ஹம் உள்ள பையைக் கொடுத்துப் படிப்பைத் தொடரச் செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தீர்ந்தால் சொல் என்று கூறியிருந்தும், மாணவர் வாய்திறக்கும் முன்பே அடுத்த பை வந்துவிடுமாம். அம்மாணவரே பின்னாளில் ஹாரூன் அர்ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியானார். அந்த ஆசிரியர் தம் மாணவரின் வருகையையும் முகத்தையும் பார்த்தே தேவையை அறிந்தார்.

இதை மனத்திற்கொண்டே, நம் மஹல்லாவின் கல்விக் குழுவில் சென்ற ஆண்டு ஒரு வேண்டுகோள் வைத்தோம். அதுவரை ஸகாத்துக்கும் வட்டியில்லாக் கடனுக்கும் ஒரே விண்ணப்பம். இரண்டுக்கும் வருமானச் சான்றிதழ் கட்டாயம். இரண்டையும் பிரிக்கக் கோரினோம். பொருளாளர் உடனே மறுத்தார். வசதியுள்ளவர்கள் கர்ளன் ஹஸனாவை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், திருப்பியும் தரமாட்டார்கள் என்பது அவருடைய அச்சம். பல ஆண்டுகள் கணக்கைப் பார்த்தவர். அவருடைய அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. இரண்டு அமர்வுகள் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஸகாத் விண்ணப்பத்தில் சான்றிதழோடு, குழுவினர் இருவர் வீட்டுக்குச் சென்று பேசுவது சேர்க்கப்பட்டது. கடன் விண்ணப்பத்தில் சான்றிதழ் நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாகச் சேர்க்கைக் கடிதம், மாணவர் தாமே எழுதும் ஒப்பந்தம், இரு சாட்சிகள், வேலை கிடைத்து ஆறு மாதம் கழித்துத் தொடங்கும் தவணை ஆகியவை இடம்பெற்றன. கடனை எழுதி வைத்துச் சாட்சி ஏற்படுத்துமாறு இறைவேதம் விரிவாகக் கற்பிக்கிறது, அதைத்தான் நடைமுறைப்படுத்தினோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு பொருளாளரின் யோசனை. அதுவே அவருடைய அச்சத்துக்கு மருந்தாயிற்று. தந்தை படிக்க வேண்டாம் என்ற அந்த மாணவி, உம்மாவும் மாமாவும் சாட்சிக் கையெழுத்திட இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நம் மகளின் படிப்பும் இதே போன்ற வட்டியில்லாக் கடனாலும் உறவினர் உதவியாலும் நடக்கிறது; அந்தக் கடன் பத்திரத்தில் அவள் பெயர்தான் முதலில் இருக்கிறது.

இவ்வளவும் ஒரு மஹல்லாவின் சிறு ஏற்பாடு. மருத்துவம், பொறியியல் போன்ற பெரும் செலவுள்ள படிப்புகளுக்கு இது போதாது என்பதை அறிவோம். அதற்கு அரசின் கரம் நீள வேண்டும். முழு மானியத்தின் வரம்பு விலைவாசியோடு உயர வேண்டும். வரம்பைத் தாண்டினால் ஒரேயடியாக நின்றுவிடாமல் சலுகை படிப்படியாகக் குறைய வேண்டும். தந்தையின் ஆதரவு இல்லாத பிள்ளைகள் தம் நிலையை மானக்கேடின்றி எடுத்துரைக்க ஒரு வழி வேண்டும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடிமக்களுக்கு மாற்று வேண்டும். இவற்றை மனுவாக எழுதி நம் பிரதிநிதிகளிடம் கொடுப்பதும் நம் கடமையே.

அரசு செய்யும் வரை நம் கைக்குள் இருப்பதைச் செய்வோம். உங்கள் ஜமாஅத்தின் கல்வி உதவி விண்ணப்பத்தை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதில் தந்தையைப் பற்றி எத்தனை கேள்விகள், பிள்ளையைப் பற்றி எத்தனை கேள்விகள் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை தொடங்குவதற்குள் அதைத் திருத்த உங்கள் குழுவினரோடு கலந்து பேசுங்கள்.

கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் தீங்கிலிருந்தும் நம் பிள்ளைகளை அல்லாஹ் காப்பானாக. பயனுள்ள கல்வியை அவர்களுக்கும், கேட்கும் முன்பே கொடுக்கும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.